அடக்குவதும் அடங்குவதும்

அன்று மாலை ஏழரை மணிக்கு என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி போன் செய்தாள். மறுநாள் அவளுக்குத் தேர்வு, பின்னங்களில் ஒரு சந்தேகம். ஒரே சந்தேகத்தை நான்கு விதமாகக் கேட்டாள். நானும் நான்கு விதமாகச் சொன்னேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். கடைசியில் "இப்ப புரியுது சார்" என்றபோது அவள் குரல் லேசாகியிருந்தது. எனக்கும் மனசு நிறைந்திருந்தது. போனை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். மேசையில் என் மகன் உட்கார்ந்திருந்தான். 11 வயது. அவனுக்கும் அதே பாடம்தான். நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: 1/2 + 1/3 = 2/5.

எட்டு மணிக்கு நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"எத்தனை தடவைடா சொல்றது? கண்ணைத் திறந்து பாக்க மாட்டியா?" இன்னும் சில சொற்களும் உண்டு, அவற்றை எழுத மனம் வரவில்லை. அவன் பதில் பேசவில்லை. ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தான். விடை அழிந்த பிறகும் அழித்துக்கொண்டே இருந்தான். தாள் கிழிந்தது. கிழிந்த பிறகும் ரப்பர் நிற்கவில்லை. என் மனைவி கதவருகே வந்து நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் நின்றதைப் பார்த்துத்தான் என் குரல் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது எனக்கே கேட்டது.

மறுநாளிலிருந்து அவன் பென்சிலை அழுத்தாமல் எழுதத் தொடங்கினான். நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். "ஏன்டா இப்படி எழுதுறே?" என்று கேட்டேன். "அழிக்கிறதுக்கு ஈஸியா இருக்கும்ப்பா" என்றான்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் ஒரே கேள்வியோடு இருக்கிறேன். எனக்குத் தெரியாததா அது?

நான் 22 வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன். அந்தத் தவறைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுவது, பின்னம் கற்கும் பிள்ளைகள் பலரும் செய்கிற ஒன்று. அது முட்டாள்தனத்தால் வருவதில்லை. அதுவரை அவர்கள் வருடக்கணக்கில் முழு எண்களோடுதான் புழங்கியிருக்கிறார்கள். கூட்டு என்றால் கண்ணில் படும் எண்களைக் கூட்டு என்றே கை பழகிவிட்டது. பின்னம் என்பது ஒரே எண் என்று கண்ணுக்கு இன்னும் பிடிபடவில்லை, ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு எண்களாகவே தெரிகிறது. அதுமட்டுமில்லை, அப்படிக் கூட்டுவது சரியாக வரும் இடமும் உண்டு. ஒருவன் 2 முறை பந்தெறிந்து 1 முறை குறி தாக்குகிறான், அப்புறம் 3 முறை எறிந்து 1 முறை தாக்குகிறான். மொத்தம் எறிந்தது 5, தாக்கியது 2. அங்கே 2/5 சரிதான். ஆக, பிள்ளை ஒரு சரியான வேலையைத் தவறான இடத்தில் செய்கிறது. "2/5 அரையைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அரையோடு எதையோ சேர்த்தோம், விடை அரைக்கும் கீழே போய்விட்டதே என்று அதுவே திடுக்கிடும். அந்தத் திடுக்கிடலில்தான் கணக்கு உள்ளே இறங்குகிறது. நாம் கத்தினால் பிள்ளையின் கவனம் நோட்டிலிருந்து நம் முகத்துக்குத் தாவிவிடும். அதற்கப்புறம் எதுவும் இறங்காது. புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு இதையெல்லாம் நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்தவன்தான் அன்று எட்டு மணிக்குக் கத்தினான்.

திருக்குறளில் பேதைமை அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு, 834-வது. "ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்." வாத்தியார் வேலை பார்க்கிறவர்கள் இதைச் சும்மா கடந்துபோக முடியாது. என்னை நிறுத்தியது 'பேதை' என்ற சொல் இல்லை, 'உணர்ந்தும்' என்ற சொல். 'ஓதியும்' என்று மட்டும் சொல்லியிருந்தால், மனப்பாடம் செய்தவன், பொருள் தெரியாதவன் என்று தப்பித்துக்கொள்ளலாம். வள்ளுவர் அந்தக் கதவை அடைத்துவிடுகிறார். படித்திருக்கிறான், உணர்ந்திருக்கிறான், பிறருக்குச் சொல்லவும் தெரிந்திருக்கிறது, ஆனாலும் அடங்கவில்லை. அப்படியும் ஒரு மனிதன் இருக்க முடியும் என்கிறார்.

சாக்ரடீஸ் முடியாது என்கிறார். பிளேட்டோ எழுதிய 'புரோட்டகோரஸ்' உரையாடலில் இந்தப் பேச்சு வருகிறது. கோபமும் இன்பமும் பயமும் சேர்ந்து அறிவை ஓர் அடிமையைப் போல இழுத்துக்கொண்டு அலைகின்றன என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அறிவு அவ்வளவு இளைத்ததா என்பது அவர் கேள்வி. நல்லது எது என்று ஒருவன் உண்மையாகவே அறிந்திருந்தால் அவன் வேறு மாதிரி நடக்க மாட்டான், நடந்தால் அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள். முதல் தடவை இதை யோசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. எனக்கா தெரியவில்லை?

சரி, வள்ளுவர் பக்கமா, சாக்ரடீஸ் பக்கமா என்று முடிவெடுக்க முடியாமல் நின்ற இடத்தில் அரிஸ்டாட்டில் கைகொடுத்தார். அறவியல் பற்றிய அவருடைய நூலின் ஏழாம் பகுதியில் பெரும்பாலும் இந்தச் சிக்கலைச் சுற்றித்தான் பேச்சு போகிறது. தெரிந்தும் தவறுவதைக் கிரேக்கத்தில் 'அக்ராசியா' என்பார்கள். தன்மேல் தனக்கு ஆட்சி இல்லாமை என்று வைத்துக்கொள்ளலாம். அறிவு இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அது தூங்குகிறவனிடமும் குடித்தவனிடமும் இருப்பது மாதிரி இருக்கிறது என்கிறார் அவர். குடித்தவன்கூட எம்பெடோகிளீஸ் என்ற பழைய தத்துவவாதியின் செய்யுளைத் தட்டாமல் ஒப்பிப்பான். அடுத்து ஒரு வரி வருகிறது. புதிதாகப் படிக்கத் தொடங்கிய மாணவர்களும் சொற்களைச் சரியாகக் கோத்துச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அவர்களுக்கு இன்னும் தெரியாது. அது அவர்களோடு சேர்ந்து வளர்ந்து ஒன்றாக வேண்டும், அதற்குக் காலம் வேண்டும்.

இதை நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். "கீழே இருக்கிற எண்ணைச் சமமாக்கணும் சார்" என்று கணீரென்று சொல்லும் பிள்ளை, அடுத்த வரியிலேயே 2/5 என்று எழுதும். "உனக்குத்தான் தெரியுமே!" என்று அந்தப் பிள்ளையிடம் நான் எரிந்து விழுந்ததில்லை. சொல்லத் தெரிவதற்கும் தெரிவதற்கும் நடுவே நாள்கணக்கான, சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கான தூரம் உண்டு என்பது இந்தத் தொழில் கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதே தூரம் பொறுமைக்கும் உண்டு என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

ஆனால் இதுவும் முழு விடையாகவில்லை. நான் பொறுமையைப் புதிதாகக் கற்ற மாணவன் இல்லையே. வகுப்பில் அது எனக்கு ஊறிப்போனது. ஏழு ஐம்பதுக்கு இருந்தது எட்டு மணிக்கு எப்படி இல்லாமல் போகும்?

களைப்பு என்று முதலில் சொல்லிக்கொண்டேன். பகல் முழுக்கப் பொறுமையாக இருந்தேன், தீர்ந்துவிட்டது என்று. இப்படி நினைக்க ஆய்வுத் துணையும் இருந்தது. மனவுறுதி தசை மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தக் களைத்துவிடும் என்ற கருத்து 1998-இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பிறகு பிரபலமானது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, 2,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்துப் பார்த்தபோது அந்த விளைவு ஏறக்குறைய இல்லை என்று வந்தது. அந்த விவாதம் எப்படியும் போகட்டும். என் விஷயத்தில் சாட்சி அந்த இருபது நிமிடப் போன்தான். அதே உடம்பு, அதே களைப்பு, அதே பின்னம். அந்தப் பெண்ணிடம் தீராத பொறுமை மேசைக்கு வரும் பத்தடியில் தீர்ந்துவிடாது.

என் மனைவிதான் ஒரு நாள் கேட்டாள். "அந்தப் பொண்ணு தப்பா சொன்னா உங்களுக்கு என்னங்க தோணும்?"

"இவளுக்கு எங்கே இடறுதுன்னு தோணும்."

"இவன் தப்பா போட்டா?"

அதற்கு உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாலைந்து நாள் ஆனது. பதில் கிடைத்தபோது அது ஒரே வாக்கியமாக இருந்தது. 'கணக்கு வாத்தியார் பையனுக்கே வரலையே.' அவ்வளவுதான். மற்றவர் பிள்ளை செய்யும் தவறு எனக்கு ஒரு கணக்கு. என் பிள்ளை செய்தால் அது என்மேல் யாரோ எழுதும் தீர்ப்பு. அந்த வாக்கியத்தை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, மனசுக்குள்கூட முழுசாகச் சொன்னதில்லை. ஆனாலும் அது அங்கே உட்கார்ந்து எனக்காக முடிவெடுத்துக்கொண்டிருந்தது.

சாக்ரடீஸ் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதுதான் தணிந்தது. பின்னம் எனக்குத் தெரியும், பிள்ளைகளைத் தெரியும். அந்த வாக்கியம் எனக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. என் அறிவைத் தோற்கடித்தது ஏதோ குருட்டு வேகம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் அதுவும் ஒரு நம்பிக்கை, அறிவு மாதிரியே வேஷம் போட்டது, நான் ஒரு முறைகூடச் சரிபார்க்காதது.

ரோமானியத் தத்துவவாதி செனெகா, கோபத்தைப் பற்றித் தன் அண்ணனுக்கு எழுதுவதாக மூன்று பகுதிகள் எழுதியிருக்கிறார். அவரும் ஓர் ஆசிரியர். நீரோவுக்குச் சொல்லிக்கொடுத்தவர், கி.பி. 65-இல் அதே நீரோவின் கட்டளையால் உயிரை விட்டவர். கோபத்தில் மூன்று அசைவுகள் உண்டு என்கிறார். முதலாவது ஒரு திடுக்கிடல். குளிர்ந்த நீர் தெறித்தால் உடம்பு சிலிர்ப்பது மாதிரி, அதை அறிவால் தடுக்க முடியாது, அதற்கு நாம் பொறுப்பும் இல்லை. இரண்டாவதில் மனம் ஒப்புக்கொள்கிறது: எனக்கு அநியாயம் நடந்துவிட்டது, நான் திருப்பிக் கொடுப்பது நியாயம்தான் என்று. மூன்றாவதில் எல்லாம் கையை மீறிவிடுகிறது, நியாயமா இல்லையா என்ற கேள்விகூட அங்கே இருக்காது. அறிவு நுழையக்கூடிய ஒரே வாசல் அந்த இரண்டாவது. என் சிக்கலே அங்கேதான். முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு நான் ஒரே மூச்சில் போய்விடுவேன். நடுவில் ஒரு வாசல் இருந்ததே எனக்குத் தெரியாது. அந்த வாக்கியம் கிடைத்த பிறகுதான் எதை ஒப்புக்கொண்டுவந்தேன் என்பது தெரிந்தது.

தெரிந்துவிட்டது, இனி கத்த மாட்டேன் என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தாடை வலிக்கும். 2/5 மாதிரி ஒரு விடை வந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணுவேன். "சரி, இன்னொரு தடவை பார்" என்று மெதுவாகச் சொல்வேன். ஜெயித்துவிட்டேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

மூன்றாவது வார முடிவில் அவன் நோட்டை மூடிக்கொண்டே சொன்னான். "நீங்க கத்தினாக்கூடப் பரவாயில்லப்பா. கத்தாம உக்காந்திருக்கும்போதுதான் ரொம்ப பயமா இருக்கு."

அன்று இரவு தூங்கவில்லை. அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நான் அடக்கியிருந்தேன், அடங்கவில்லை.

தமிழில் இந்த இரண்டு வினைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அடங்கு, அடக்கு. திருந்து, திருத்து. உருகு, உருக்கு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்திருப்போம். ஒன்று தானே நிகழ்வது, இன்னொன்று ஒருவர் இன்னொன்றின்மேல் செய்வது. கோபத்தை அடக்குகிறேன் என்றால் அடக்குகிற ஓர் ஆளும் அடக்கப்படுகிற ஓர் ஆளும் எனக்குள் வேண்டும். இரண்டு பேரும் இரவெல்லாம் மல்லுக்கு நிற்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சண்டை தெரியாதா என்ன? தாடையில் தெரியும், மூச்சில் தெரியும். எப்போது அடக்குகிறவன் தோற்பான் என்று அது காத்துக்கொண்டிருக்கும். வெடித்துவிட்டாலாவது அன்றைக்கு முடிந்தது என்று இருக்கும்.

பேதைமைக் குறளில் 'தானடங்கா' என்றுதான் இருக்கிறது, தன்னை அடக்காத என்று இல்லை. ஆத்திசூடியின் முதல் வரி "அறம் செய விரும்பு", அது கட்டளை. அடுத்த வரி "ஆறுவது சினம்", அது கட்டளை வடிவத்தில் இல்லை. ஆற்று என்று சொல்லவில்லை ஔவை. ஆறுவது என்கிறார், புண் ஆறுவது மாதிரி, சூடு ஆறுவது மாதிரி. ஐந்து வயதில் ராகம் போட்டு ஒப்பித்த வரி. இதை இத்தனை வருடம் கழித்து, அதுவும் ஒரு பிள்ளையைப் பயமுறுத்திய பிறகுதான் படிக்க முடிந்தது.

இதே வேறுபாட்டை அரிஸ்டாட்டிலும் பிடித்திருக்கிறார். தவறான ஆசை உள்ளே இருக்க, அதை எதிர்த்து நின்று சரியானதைச் செய்கிறவன் ஒருவன். அவனை அவர் மதிக்கிறார், ஆனால் உச்சத்தில் வைப்பதில்லை. உச்சத்தில் இருப்பவனுக்குள் அந்தச் சண்டையே இல்லை, அவன் விரும்புவதும் அறிவு சொல்வதும் ஒன்றாகிவிட்டன. நான் அதுவரை முதலாமவனைத்தான் தன்னை வென்றவன் என்று நினைத்திருந்தேன். பல்லைக் கடிப்பதுதான் மனவுறுதி என்று நினைத்திருந்தேன். வைராக்கியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மூன்று வாரம் நான் ஒரு கெட்ட சொல்லும் சொல்லவில்லை, அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதிலேயே தங்கிவிட முடியாது.

அடுத்த நாள் அவனிடமே கேட்டேன். "நான் கோபப்படப் போறேன்னு உனக்கு எப்படித் தெரியுது?"

யோசிக்கவே இல்லை அவன். "பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவீங்க. அப்புறம் மூக்கால பெருசா மூச்சு விடுவீங்க. அப்புறம்தான் கத்துவீங்க."

செனெகாவின் மூன்று அசைவுகளையும் 11 வயதுப் பிள்ளை வரிசையாகச் சொல்லிவிட்டான். அந்தப் பேனா மூடி எனக்குத் தெரியவே தெரியாது. எத்தனை வருடமாகச் செய்கிறேனோ. தன்னை அறிவது என்றாலே கண்ணை மூடித் தனியாக உட்கார்ந்திருக்கும் உருவம்தான் நம் மனசில் வருகிறது. என்னைப் பற்றி நான் அறிய வேண்டிய மிக முக்கியமான ஒன்று மேசைக்கு அந்தப் பக்கம், பயந்துபோன ஒரு பிள்ளையிடம் இருந்தது. நம்மால் துன்பப்பட்டவர்கள் நம்மை நம்மைவிட நுணுக்கமாகப் படித்துவைத்திருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்குத்தான் நமக்கு இத்தனை நாள் ஆகிறது.

அடக்கமுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் 'கதங்காத்துக் கற்றடங்கல்' என்று ஒரு தொடர் வருகிறது. கதம் என்றால் கோபம். அந்த வரிசையை நான் இப்படி வாசிக்கிறேன்: முதலில் காப்பது, அப்புறம் கற்பது, கடைசியில் அடங்குவது. கற்றுவிட்டால் காத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தலைகீழ். முதலில் வேலி போட வேண்டும், அந்த வேலிக்குள்தான் கற்பது நடக்கும். அடங்குவதை நாம் செய்ய முடியாது, மற்ற இரண்டையும் செய்தால் அது நடக்கும். உரையாசிரியர்கள் இப்படிப் பிரிக்கிறார்களா என்பது என் கவலை இல்லை, எனக்கு உதவியது இந்த வாசிப்பு.

நான் போட்ட வேலிகள் மிகச் சின்னவை. மேசையில் அவனுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருகிறேன். இருவரும் ஒரே பக்கத்திலிருந்து நோட்டைப் பார்க்கிறோம், என் முகம் அவனுக்கு நேராக இல்லை. வேலைப் பேச்சு முடிந்த உடனே அவனிடம் போவதில்லை, அரை மணி நேரம் விடுகிறேன். என் கையில் பேனா இல்லை. எழுத வேண்டுமென்றால் அவன் பென்சிலைக் கேட்டு வாங்க வேண்டும். முக்கியமான ஒன்று: அவன் வீட்டுப்பாடத்தை முடித்து எழுந்து போன பிறகு, நோட்டை நான் மட்டும் தனியாகப் பார்க்கிறேன். அந்த முதல் திடுக்கிடல் வரத்தான் செய்கிறது. ஆனால் அது வரும்போது அறையில் யாரும் இல்லை. வந்து, இருந்து, போய்விடுகிறது. 'கணக்கு வாத்தியார் பையனுக்கே' என்ற வாக்கியமும் வருகிறது. இது என் கணக்கில்லை, அவன் கணக்கு என்று அதற்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கிறது. அப்புறம்தான் அவனைக் கூப்பிடுகிறேன்.

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, "இது மனவுறுதி இல்லையே, வெறும் ஏற்பாடுதானே?" என்றார். நல்ல கேள்வி. எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. ஜெர்மனியில் 205 பேரை வைத்துச் செய்து 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஒரு வாரம் முழுக்க நாளில் பல தடவை அவர்கள் கையிலிருந்த கருவி ஒலிக்கும். இப்போது என்ன ஆசை வந்தது, அதை எதிர்த்தீர்களா என்று கேட்கும். தன்னடக்கம் மிகுந்தவர்கள்தான் அதிகம் போராடியிருப்பார்கள் என்று நாம் நினைப்போம். அவர்கள் குறைவாகத்தான் போராடியிருந்தார்கள். போராட வேண்டிய இடத்துக்கு அவர்கள் அதிகம் வரவே இல்லை.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஏற்பாட்டைச் செய்வது யார்? ஆறு மணிக்குத் தெளிவாக இருக்கும் நான், எட்டு மணிக்கு வரப்போகும் என்னை நினைத்துச் செய்கிறேன். என் சுதந்திரம் ஆறு மணியில் இருக்கிறது. எட்டு மணியில் அதைத் தேடித்தான் இத்தனை வருடம் தோற்றேன். நாம் பேச்சு வழக்கில் 'மனசு வச்சா முடியும்' என்கிறோம். மனசை அழுத்தினால் என்றோ முறுக்கினால் என்றோ சொல்வதில்லை, வைத்தால் என்கிறோம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட நூலில் இதற்கு மிக நெருக்கமாக வருகிறார். மன உறுதியின் சாரமே, ஓர் எண்ணத்தை விடாமல் கவனத்தில் பிடித்துவைக்கும் முயற்சிதான் என்கிறார். மனசை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். அந்தப் பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்ற இடத்தில் வைத்தால் ஒரு மாலை. என் பெயருக்கு என்ன ஆகும் என்ற இடத்தில் வைத்தால் வேறொரு மாலை.

ஆனால் நண்பர் கேள்வியின் ஒரு பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்ய முடியாது. இந்த வேலிகளைப் போட்டபிறகான ஐந்து மாதத்தில் இரண்டு முறை கத்திவிட்டேன். ஒன்று கணக்குக்காகவே இல்லை, அவசரமாகக் கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்காரவும் அரை மணி நேரம் விடவும் அங்கே இடம் ஏது? அந்த மாதிரி நேரத்தில் நம் உடம்போடு வளர்ந்துவிட்ட பொறுமை மட்டும்தான் வரும். எனக்கு அது இன்னும் அவ்வளவு வளரவில்லை. இரண்டு முறையும் அன்றைக்கே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றான். அந்த 'ம்'முக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

பென்சில் இன்னும் மெலிதாகத்தான் ஓடுகிறது. முன்பைவிடக் கொஞ்சம் கறுப்பு என்று என் மனைவி சொல்கிறாள். நான் வெளிச்சத்தில் சாய்த்துத்தான் பார்க்கிறேன்.

நேற்று பின்னக் கழித்தல். 3/4 – 1/3. ஏதோ கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் என் கையில் பேனா இருந்தது, அதை மறந்து அப்படியே அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவன் 2/1 என்று எழுதினான். மூடி ஒருமுறை திறந்து மூடிய சத்தம் எனக்கே கேட்டது. அவன் பேனாவைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். நான் பேனாவை மேசையின் அந்தக் கோடியில் வைத்தேன். ஒரு நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. "முக்காலிலிருந்து எடுத்தா ரெண்டு எப்படி மிஞ்சும்?" என்று அவனாகவே முணுமுணுத்தான். எழுதியதை அழிக்கவில்லை. அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, அடுத்த வரியில் 12 என்று எழுதி நிறுத்தினான்.